விசிலக்கா கொடுத்த கொடி

முதலில் வாசிப்பவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிண்டின முற்றம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் போடுங்கள். விசயத்தைத் திருத்த வேண்டாம். விசயம் முழுக்கச் சரி.

கிளிநொச்சி மாவட்டத்தில் விசிலக்காவிடம் மஞ்சள் அட்டை வாங்காத சீவன் கிடையாது. பஸ் கொண்டக்டர் வாங்கியிருக்கிறார். பல்கலைக்கழக வளாகத்துப் பேராசிரியர் வாங்கியிருக்கிறார். ஏ-ஒன்பது வீதியின் நடுவில் படுத்து அசைபோட்ட எருமை வாங்கியிருக்கிறது. ஒரு மாரி காலத்தில் வானத்தைப் பார்த்தும் அவர் அட்டையைத் தூக்கினார். மழை விட்டது. நான் கண்ணால் கண்டவன்.

என் தேத்தண்ணீர்க் கடை வளாகத்துக்குத் திரும்பும் சந்தியில் இருக்கிறது. வடை, றோல்ஸ், மத்தியானம் சோறு. மூலையில் ஒரு தொலைக்காட்சி. விசிலக்கா ஆபிரிக்காவில் மலாவி என்ற நாட்டில் இருந்து எங்கள் வளாகத்துக்கு விவசாயம் படிக்க வந்த மாணவி. நான் ஐம்பதை எட்டிப் பிடிக்கிற ஆள். அவருக்கு என் வயதில் பாதிகூட இல்லை. ஆனாலும் நானும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். பல்லுப் போன கிழவர்களும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். விசில் ஊதுகிற ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கு மனம் வரும்?

அவர் கழுத்தில் ஒரு கறுப்பு நூல் கிடக்கும். அதில் ஒரு சின்னச் சிலுவை, பக்கத்தில் ஒரு விசில். நடக்கும்போது இரண்டும் முட்டிக் கிணுகிணு என்று கேட்கும். காற்சட்டைப் பைக்குள் மஞ்சள் அட்டை ஒன்று, சிவப்பு அட்டை ஒன்று. தன் ஊரில் பள்ளிப் பிள்ளைகளின் உதைபந்தாட்டத்துக்கு மத்தியஸ்தம் செய்தவராம். விமானம் ஏறும்போது அந்த வேலையை விட்டுவிட்டு வர மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

முதல் நாள் அவரைக் கண்டது பஸ் தரிப்பிடத்தில். கிளிநொச்சி பஸ் வந்து நிற்க, வழக்கம்போல இறங்குகிற ஆளும் ஏறுகிற ஆளும் வாசலில் மல்லுக்கட்டினார்கள். பீ... என்று ஒரு சத்தம். பொலிஸ் என்று நினைத்து எல்லோரும் அப்படியே நின்றார்கள். கொண்டக்டர் பயத்தில் கீழே இறங்கிவிட்டார். அவர் முகத்துக்கு நேரே மஞ்சள் அட்டை.

"முதல்ல இறங்கிற ஆக்கள். பிறகு ஏறுற ஆக்கள். பொறுமையைக் கைக்கொள்ளுங்கோ!"

அந்தத் தமிழைக் கேட்டு கொண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

விசிலக்காவின் தமிழ் அப்படித்தான் இருக்கும். இரண்டு இடத்தில் படித்த தமிழ் அது. வளாகத்தில் கிறிஸ்தவ மாணவர்கள் வெள்ளிக்கிழமை பின்னேரம் பாலை மரத்தின் கீழ் கூடிச் செபிப்பார்கள். அதை ஐக்கியம் என்பார்கள். அங்கே படித்தது பாதி. என் கடையில் உழவு இயந்திரக்காரர்களிடம் படித்தது மீதி. "அண்ணை, ஒரு பிளேன்ரீ அருளிச்செய்யுங்கோ. கெதியா, தொண்டை காய்ஞ்சு போச்சு" என்பார். மரியாதை மட்டும் ஒருவருக்கும் குறையாது. கடை வாசலில் படுத்திருக்கும் நாயிடம் "நாயார், கொஞ்சம் அங்கால போங்கோ" என்பார். நாயும் போகும். நான் கல் எடுத்தாலும் போகாத நாய்.

சிவப்பு அட்டையை அவர் கண்டபடி எடுப்பதில்லை. எனக்குத் தெரிய ஒரே ஒரு தடவைதான் வெளியே வந்தது. என் கடை வடைக்கு. முதல் நாள் மிஞ்சினதைச் சூடாக்கித் தட்டில் வைத்திருந்தேன். ஒரு கடி கடித்தார். எழுந்து நின்றார். வடைத் தட்டுக்கு நேரே சிவப்பைப் பிடித்தார். சனம் பார்த்துக்கொண்டிருக்க, தட்டைக் கொண்டுபோய்க் காகங்களுக்குக் கொட்டினேன். "அடுத்த ஆட்டத்துக்கும் வடைக்குத் தடை" என்றார். அடுத்த நாள் வடை சுடவில்லை. அன்றைக்குப் பிறகு என் கடையில் பழைய வடை இல்லை. அந்தப் பெருமை இன்றைக்கும் எனக்கு உண்டு.

சனிக்கிழமை பின்னேரங்களில் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் வந்து குந்துவார். இங்கிலாந்தில் அவருக்கு ஒரு அணி இருந்தது. பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்கும் மானம் இருக்கும். அந்த அணி தோற்கும். அதற்கடுத்த கிழமையும் தோற்கும். அவர் "அடுத்த வருசம் எங்கட வருசம்" என்பார். வயலில் வெள்ளம் நிற்கும்போது எங்கள் ஆட்கள் சொல்வதும் அதேதான். அதனால்தானோ என்னவோ, உழவு இயந்திரக்காரர்கள் எல்லோரும் அந்த அணியின் பக்கம் சேர்ந்துவிட்டார்கள்.

ஐக்கியத்திலும் அந்த அணிக்காகச் செபிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சாமுவேல் என்று ஒரு நல்ல தம்பி, ஐக்கியத்தின் செயலாளர். அவனுக்கு அது பிடிக்கவில்லை.

"அக்கா, விளையாட்டுக்கெல்லாம் செபிக்கிறது சரியில்லை. நோயாளியளுக்காகச் செபிப்பம்."

"எங்கட பின்வரிசை ஆட்டக்காரரைப் பார்த்தனீங்களோ தம்பி? அது நோய்தான்."

சாமுவேல் செபிக்கத் தொடங்கினால் உலக நாடுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவான். அவன் சுற்றி முடிக்க என் தேத்தண்ணீர் ஆறிப்போகும். ஐக்கியத்துக்குக் கேத்தலோடு தேத்தண்ணீர் கொண்டுபோவது நான்தான். நான் பிள்ளையாரைக் கும்பிடுகிறவன். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு ஓரமாக நிற்பேன். ஒரு நாள் சாமுவேல் ஐரோப்பாவைத் தாண்டி வந்துகொண்டிருக்க, மெல்லமாக ஒரு விசில் கேட்டது. கண்ணைத் திறந்தால் மஞ்சள் அட்டை. தம்பி அப்படியே "ஆமென்" என்றான். தேத்தண்ணீர் சூடாக இருந்தது.

இவ்வளவும் விளையாட்டுக் கதை. இனிச் சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்த கதை.

எங்கள் குளத்தில் இருந்து பிரியும் வாய்க்கால்களின் பெயரில்தான் எங்கள் ஊர்கள். நான் நாலாம் வாய்க்கால். எங்களுக்கு எதிரி ஏழாம் வாய்க்கால். வயலுக்குத் தண்ணீர் திறக்கும் காலத்தில் தண்ணீருக்குச் சண்டை, அறுவடை முடிந்தால் உதைபந்துக்குச் சண்டை. வருசா வருசம் இறுதி ஆட்டத்துக்கு இந்த இரண்டு ஊரும்தான் வரும். வருசா வருசம் அந்த ஆட்டம் முடியாது. மத்தியஸ்தர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார் என்று சனம் மைதானத்துக்குள் இறங்கிவிடும். வெற்றிக் கிண்ணம் ஒருவருக்கும் கொடுபடாமல் கூட்டுறவுச் சங்கக்கடையில் கிடந்தது. முகாமையாளர் அதற்குள் பேனைகள் போட்டு வைத்திருந்தார்.

குற்றம் மத்தியஸ்தர்களிலும் இல்லை. வன்னியில் சொந்தமில்லாத ஆளை எங்கே போய்த் தேடுவது? ஒரு வருசம் முல்லைத்தீவில் இருந்து ஒருவரைக் கூட்டிவந்தோம். பாதி ஆட்டத்தில் அவருடைய மனைவியின் பெரியம்மா ஏழாம் வாய்க்காலில் இருப்பது தெரியவந்தது. அடுத்த வருசம் வவுனியாவில் இருந்து வந்தவர் எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவருக்கே சகலன் முறை. அவருக்கே அது தெரியாது. ஏழாம் வாய்க்கால்காரர்கள்தான் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

எங்கள் கழகத் தலைவர் சிவம். என் மனைவியின் தம்பி. ஒரு நாள் என் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவன் விசிலக்காவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அத்தான்! உவாக்கு இந்த நாட்டிலயே ஒரு சொந்தமும் இல்லை!"

அந்தக் காலத்தில் தங்கம் கண்டெடுத்தவன் முகம்கூட அப்படி இருந்திருக்காது. ஏழாம் வாய்க்கால் தலைவர் ஒரு அரிசி ஆலை முதலாளி. மில்காரர் என்று சொல்வோம். அவருக்கும் சம்மதம். விசிலக்காவிடம் கேட்டதும் "கர்த்தருக்குச் சித்தமானால் ஊதுறன்" என்றார். ஆட்டத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. பிரச்சினை அந்த ஒரு மாதத்தில்தான் வந்தது.

மில்காரர் வீட்டில் மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்தியச் சடங்கு. விசிலக்காவுக்கும் அழைப்பு. போன இடத்தில் பட்டுச்சீலை ஒன்றை உடுத்தி, மாமிமாரின் வரிசையில் நிறுத்தி, பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்க வைத்துவிட்டார்கள். அவர் ஆலாத்தித் தட்டோடு நின்று, படம் பிடிக்கிறவர் சனத்துக்கு மறைக்கிறார் என்று விசில் ஊதினாராம். அன்றில் இருந்து அவர் ஏழாம் வாய்க்காலுக்கு மாமி.

கதை கேள்விப்பட்ட சிவம் நித்திரை கொள்ளவில்லை. அவன் வீட்டில் புதிதாகப் பிறந்த குழந்தைக்கு முப்பத்தோராம் நாள் சடங்கு வந்தது. விசிலக்காவைக் கூட்டிப்போய்ப் பாயில் இருத்தி, மடியில் குழந்தையைக் கிடத்தி, "இனி நீங்கள்தான் இவனுக்குச் சித்தி" என்றான். விசிலக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் ஊர்ப் பாசையில் ஒரு தாலாட்டுப் பாடினார். குழந்தை நித்திரையாகிவிட்டது. அன்றில் இருந்து நாலாம் வாய்க்காலுக்குச் சித்தி.

பிறகென்ன, இரண்டு கழகமும் என் கடையில் கூட்டம் போட்டன.

"உவா இப்ப உங்கட சித்தி. எங்களுக்கு நீதி கிடைக்காது" என்றார் மில்காரர்.

"உங்கட வீட்டில மாமியாக்கிப் போட்டு எங்களைச் சொல்லுறீங்களோ?" என்றான் சிவம்.

"நாங்கள் மரியாதைக்குச் செய்தனாங்கள்."

"நாங்களும் மரியாதைக்குத்தான். பட்டுச்சீலை குடுக்க எங்களிட்ட வசதியில்லை. அதால பிள்ளையைக் குடுத்தம்."

கை நீளத் தொடங்கியது. மூலையில் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்த விசிலக்கா வாயைத் துடைத்துவிட்டு ஊதினார்.

"ஒரு பக்கம் மாமி. மற்றப் பக்கம் சித்தி. ஒண்டுக்கு ஒண்டு. சமன். ஆட்டம் நடக்கும். ஆனா கோட்டில கொடி பிடிக்க ரண்டு பேர் வேணும். ஒரு ஊருக்கு ஒராள். அவை தங்கட ஊர் அடிக்கிற பக்கம்தான் நிக்க வேணும். தங்கட ஆக்களின்ர பிழைக்குத்தான் கொடி தூக்க வேணும்."

"அதெப்படி அக்கா? சொந்த ஆக்களுக்கு எதிராயோ?"

"சொந்த ஆக்களின்ர களவு சொந்தக்காரருக்குத்தான் தெரியும்."

இரண்டு தலைவர்களும் ஆள் தேடத் தொடங்கினார்கள். ஏழாம் வாய்க்கால் தங்கள் தபாற்காரரைத் தந்தது. நாலாம் வாய்க்காலுக்கு ஆள் யார் என்று சிவம் யோசிக்க, விசிலக்கா விரலை நீட்டினார். விரல் என்னை நோக்கி நின்றது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் அடுப்புத்தான் இருந்தது.

சிவம் சிரித்தான். "அத்தானோ? அவர் பஸ்ஸை மறிக்கவே கை நீட்டமாட்டார் அக்கா. கிளிநொச்சிக்குப் போறதெண்டா, வேற ஆரும் வந்து மறிக்கட்டும் எண்டு ரோட்டோரம் காத்துக்கொண்டு நிப்பார். ஒருத்தரும் வராட்டி நடந்தே போயிடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். பொய்யில்லை. கூட்டங்களில் கை உயர்த்தச் சொன்னால் நான் கதிரைக்கு அடியில் செருப்புத் தேடுவேன்.

விசிலக்கா சிரிக்கவில்லை. "அடிக்கடி கை தூக்கிற ஆள் எனக்கு வேண்டாம். தூக்கக் கூச்சப்படுற ஆள் தூக்கினா, அங்க காரணம் இருக்கும்" என்றார்.

என்னைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பயிற்சி என் கடை மேசையிலேயே நடந்தது. வடைத் தட்டு கோல். தேத்தண்ணீர்க் கிளாசுகள் ஆட்டக்காரர். சீனிப் போத்தல் கோல் காக்கிறவர். ஓஃப்சைட் என்ற சங்கதியை அவர் எனக்கு விளங்கப்படுத்தினது இப்படி: "அண்ணை, கூட்டாளி பந்தை உதைக்கிற நேரம் எங்கட ஆள் எங்க நிக்கிறார் எண்டு பாருங்கோ. எதிரியின்ர ஆக்களைத் தாண்டி, முந்திப் போய்க் கோலுக்குக் கிட்ட நிண்டா அது பிழை. நேரம் வரமுதல் போகக் கூடாது. போனா நீங்கள் கொடி தூக்குவீங்கள்." வாடிக்கையாளர் ஒருவர் இடையில் ஒரு ஆட்டக்காரரை எடுத்துக் குடித்துவிட்டார். மஞ்சள் அட்டை.

கொடியை என் மனைவி தன் பழைய மஞ்சள் சீலையில் தைத்துத் தந்தார். "இதையாவது தூக்கிப் பிடியுங்கோ, பார்ப்பம்" என்றார். எங்கள் மகன் நிரோசன் அந்த வருசம்தான் முதன்முதலாக நாலாம் வாய்க்கால் அணியில் முன்வரிசைக்கு வந்திருந்தான். இறுதி ஆட்டத்தில் ஒரு கோல் போடவேண்டும் என்று நித்திரையிலும் காலை உதைத்துக்கொண்டிருந்தான்.

ஆட்ட நாள் வந்தது. இரண்டு ஊரும் மைதானத்தைச் சுற்றி நின்றது. சிவம் வழக்கப்படி கோல் கோட்டில் தேங்காய் உடைத்தான். விசிலக்கா சிதறின தேங்காய்ச் சொட்டு ஒன்றுவிடாமல் அவனையே பொறுக்க வைத்தார். பிறகு நடுவட்டத்தில் நின்று கண்ணை மூடிச் செபித்தார். இரண்டு அணியும் கண்ணை மூடிக்கொண்டது. மில்காரர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து சிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எப்படித் தெரியும் என்றால், சிவமும் ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசிலக்கா ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பந்து எங்கே போனாலும் அங்கே முதலில் நின்றது கிணுகிணுச் சத்தம்தான். ஏழாம் வாய்க்கால் தபாற்காரர் பயத்தில் காகம் பறந்தாலும் கொடியைத் தூக்கினார். அதனால் அவர்களால் கோலுக்குக் கிட்டவே போக முடியவில்லை. நான் தூக்கவில்லை. தூக்க வேண்டி வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாற, நாங்களும் மாறினோம். ஆட்டம் கோல் இல்லாமல் முடியப்போகிற நேரம். வெயிலும் சாய்ந்துவிட்டது.

அப்போது நடுவில் இருந்து ஒரு நீள உதை வந்தது. நிரோசன் தனியாக ஓடி, பந்தை நெஞ்சால் வாங்கி, உதைத்தான். கோல். நாலாம் வாய்க்கால் முழுக்க வானத்துக்கும் பூமிக்கும் துள்ளியது. மகன் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தான். "அப்பா! அப்பா!"

நான் பந்து உதைபட்ட நேரத்தைப் பார்த்திருந்தேன். அவன் முந்திப் போய் நின்றவன்.

கடையில் கிளாசுகளை வைத்துப் படித்தபோது அந்தக் கிளாசுகளில் ஒன்று என் மகனாக இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை. கொடியைத் தூக்கினால் வீடு இல்லை, ஊர் இல்லை, கடை இல்லை. தூக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் விசிலக்காவுக்கும்தான் தெரியும். அவர் தூரத்தில் நின்று கோலைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கை மேலே போனது. நான் தூக்கினேன் என்று சொல்ல மாட்டேன். அது போனது.

என் மனைவியின் குரல்தான் முதலில் கேட்டது.

"இஞ்சாருங்கோ! கையைக் கீழ போடுங்கோ!"

விசிலக்கா ஓடி வந்தார். எல்லோரும் கேட்கத்தான் கேட்டார். "அண்ணை, என்ன?"

"பந்து உதைக்கேக்குள்ள ஆள் முந்திப் போய் நிண்டது."

"எந்த ஆள்?"

"என்ர மகன்."

"நிச்சயமோ?"

"நிச்சயம்."

அத்தனை சனத்துக்கு முன்னால் என் வாயில் இருந்து வந்த முதல் சொற்கள் அவை. குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் விசிலை ஊதிக் கோல் இல்லை என்று கையைக் காட்டினார்.

"வாழ்க்கையில ஒரு நாள் கையைத் தூக்கினார்! அதுவும் பெத்த பிள்ளைக்கு எதிரா!" என்று என் மனைவி பக்கத்தில் நின்றவர்களுக்கு அறிவித்தார். நாலாம் வாய்க்கால் மைதானத்துக்குள் இறங்கியது. அதைக் கண்டு ஏழாம் வாய்க்காலும் மறுபக்கத்தால் இறங்கியது. வழக்கமான முடிவுதான், கிண்ணம் இந்த வருசமும் பேனைக்குத்தான் என்று நினைத்தேன்.

விசிலக்கா நடுவில் நின்று மூச்சு முட்ட ஊதினார். முதலில் சிவத்திடம் போனார். "சித்தி எண்டு சொன்னனீங்கள்தானே? என்ர மடியில பிள்ளையைத் தந்தனீங்கள்தானே? சித்தி சொல்லுறன், வெளியால போங்கோ." பிறகு மறுபக்கம் ஓடி மில்காரரிடம். "மாமியோ நான், இல்லையோ? அந்தச் சீலையை இப்பவும் மடிச்சுத்தான் வைச்சிருக்கிறன். மாமி சொன்னா கேக்க வேணும். கோட்டுக்கு அங்கால!" அப்படியே கோட்டின் நீளத்துக்கு நடந்து, சனம் முழுவதுக்கும் மஞ்சள் அட்டையைக் காட்டிக்கொண்டு போனார். தட்டில் வைத்துத் தாங்களாகவே கொடுத்த உறவு. இல்லை என்று எப்படிச் சொல்வது? முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனார்கள்.

எங்கள் காலத்தில் முதல் தடவையாக இறுதி ஆட்டம் முடிந்தது. கோல் இல்லாததால் பெனால்டி. ஏழாம் வாய்க்கால் வென்றது. மில்காரர் கிண்ணத்தை வாங்கும்போது உள்ளே ஒரு பேனை கிடந்தது. அதைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு அழுதார்.

அடுத்த நாளில் இருந்து என் ஊர்க்காரர் ஒருவரும் கடைக்கு வரவில்லை. அதுகூடப் பரவாயில்லை. ஏழாம் வாய்க்கால்காரர்கள் உழவு இயந்திரத்தில் ஏறி வந்து, "அண்ணையின்ர கையால ஒரு தேத்தண்ணி குடிக்க வேணும்" என்று கடை நிரம்ப இருந்தார்கள். இதைவிட வேறு கெட்ட பெயர் வேண்டுமா? வீட்டில் மனைவி கோப்பையை டொக் என்று வைத்துவிட்டுப் போவார். மகன் முகம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் விசிலக்கா வந்தார். பின்னால் ஐக்கியம் முழுவதும். பாலை மரத்தின் கீழ் எறும்பாம். இன்றைக்குக் கடையில்தான் செபமாம். கைதட்டி, மேசையில் தாளம் போட்டு, மலாவிப் பாட்டெல்லாம் பாடினார்கள். சத்தத்துக்கு வீதியில் போன என் ஊர்ச் சனம் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தது. எட்டிப் பார்த்தவர்களுக்குச் சாமுவேல் தேத்தண்ணீரை நீட்டினான். நீட்டின தேத்தண்ணீரை வாங்காமல் போக வன்னியில் யாருக்கும் தெரியாது.

கடைசியாக வாசலில் நின்றது நிரோசன். வந்து எனக்குப் பக்கத்தில் நின்று கிளாஸ் கழுவினான்.

"அப்பா, அது ஓஃப்சைட்தான். எனக்கு அப்பவே தெரியும்."

"பிறகேன்ராப்பா கத்தினனீ?"

"கத்தாட்டி பெடியள் என்ன நினைப்பாங்கள்?"

சிவம் வர இன்னும் கொஞ்ச நாள் எடுத்தது. வந்தவன் பிளேன்ரீயைக் குடித்து முடித்தான். எழும்பும்போது, "அத்தான், அடுத்த வருசமும் நீங்கள்தான் கொடி. வேற ஆளைப் போட்டா ஏழாம் வாய்க்கால் நம்பாது" என்றான். சொல்லிவிட்டு ஒரு வடையையும் எடுத்துக்கொண்டு போனான். புதிய வடை.

அடுத்த வருசமும் விசிலக்காதான் ஊதினார். அதற்கடுத்த வருசம் படிப்பு முடிந்துவிட்டது. பரீட்சையில் நல்ல சித்தி என்று வளாகத்தில் சொன்னார்கள். எங்கள் ஊர்ச் சித்தி எப்படி நன்றாகச் சித்தியடையாமல் போவார் என்று சிவம் கேட்டான்.

அவர் கொழும்பு பஸ் ஏற வந்த காலை சந்தியில் கால் வைக்க இடமில்லை. மில்காரர் ஒரு மூடை சிவப்பரிசியோடு நின்றார். சிவம் குழந்தையோடு நின்றான். அது இப்போது நடக்கும், விசிலைப் பிடித்து இழுக்கும். பெட்டியை யார் ஏற்றுவது என்று இரண்டு ஊரும் சண்டை பிடித்தது. மாமியின் பெட்டி, சித்தியின் பெட்டி. ஆளுக்கு ஒரு மஞ்சள் அட்டை வாங்கிக்கொண்டு பெட்டியின் இரண்டு பக்கத்திலும் பிடித்து ஏற்றினார்கள். சாமுவேல் செபித்தான். அன்றைக்கு உலகத்தை இரண்டு சுற்றுச் சுற்றினான். விசில் கேட்கவில்லை.

அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தார். "அண்ணை, போட்டு வாறன்" என்றார். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. "வடை கட்டி வைச்சிருக்கு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பஸ் புறப்பட்டது. கடைக்குள் திரும்பினேன். சுவரில் கொடி சாத்தியிருந்தது. அதை எடுத்ததும் தெரியாது, வெளியே ஓடி வந்ததும் தெரியாது. வீதியோரத்தில் நின்று, என் மனைவியின் மஞ்சள் சீலைக் கொடியை என்னால் முடிந்த உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தேன்.

பஸ் கிரீச்சிட்டு நின்றது. கொண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணை, கெதியா ஏறுங்கோ!"

"நான் ஏறேல்லை."

"பிறகேன் மறிச்சனீங்கள்?"

பின்னால் ஒரு யன்னல் திறந்தது. விசிலக்காவின் தலை வெளியே வந்தது. கொடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"ஓஃப்சைட்டோ, அண்ணை?"

"ஓம்" என்றேன். "நேரம் வரமுதல் போறீங்கள்."

அவர் சிரித்துக்கொண்டு பைக்குள் இருந்து மஞ்சள் அட்டையை எடுத்து எனக்குக் காட்டினார். பஸ் வளைவில் மறையும்வரை அந்த அட்டை யன்னலில் தெரிந்தது.

அதுதான் நான் கை தூக்கி மறித்த முதல் பஸ். அதற்குப் பிறகு இன்றுவரை வேறு ஒன்றையும் மறிக்கவில்லை. மறிக்கிற மாதிரி ஒருவரும் எதிலும் போகவில்லை.

எழுதி முடித்தது: 2025 ஒக்டோபர் 19, ஞாயிற்றுக்கிழமை. நேற்றும் அவருடைய அணி தோற்றது.